பதிவேட்டுக்கு வெளியே: வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிறிஸ்தவ அன்றாடம்

2024 நவம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் புதுச்சேரிக்காரர்கள் இன்னும் நின்று பேசியிருக்க வேண்டும். அரசு எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. தான் இந்துதான் என்பது அவர் கட்சி. அவருக்கு ஞானஸ்நானம் ஆனது வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில். கிறிஸ்தவக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போய் வருகிறார். ஆகவே அவர் கிறிஸ்தவரே என்றது நீதிமன்றம். மனத்தில் நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பின் சட்டத் தர்க்கத்தை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. உறுத்தியது அந்த இரண்டாவது சான்று, கோயிலுக்குப் போய் வருவது. வில்லியனூரை அறிந்தவர்களுக்கு அது உடனே தட்டுப்படும். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கொடியேறினால் ஒன்பது நாள் திருவிழா. அந்த நாள்களில் மாதா கோயில் வரிசையில் நிற்பவர்களில் பலர் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இட்டவர்கள். திருவிழாவை விடுங்கள், சாதாரண சனிக்கிழமையிலும் அப்படித்தான். பிள்ளைக்குப் பரீட்சை, மருமகளுக்குப் பிரசவம், புருஷனுக்குக் குடி. ஏதோ ஒன்றுக்கு நேர்ந்துகொண்டு, மெழுகுவத்தி வாங்கி ஏற்றிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்கள். இவர்களெல்லாம் தாலுகா அலுவலகத்தில் இந்துக்கள். இந்துக்களாகவே வீட்டுக்குப் போகிறார்கள். ஆக, ஒருவரின் விசுவாசம் எங்கே தெரிகிறது? பதிவேட்டிலா, நடையிலா, வேறு எதிலாவதா?

இந்தக் கேள்வியோடு வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளின் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். ஊர்களின் பேச்சிலும் நாள்கிழமையிலும் அவர்களுக்கு இருக்கும் இடம் இந்த விகிதத்தைவிடப் பெரிது.

வில்லியனூருக்கு இரண்டு தேர். ஒன்று திருக்காமீஸ்வரர் கோயில் தேர். அதன் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் வந்து பிடித்து இழுத்தது பழைய வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். மற்றது மாதா தேர். பக்கத்திலேயே சுல்தான்பேட்டை முஸ்லிம் குடியிருப்பு. வெளியூர்ப் பத்திரிகையாளர் வந்தால் இந்த மூன்றையும் ஒரே படத்தில் வைத்து 'மத நல்லிணக்கம்' என்று தலைப்புப் போட்டுவிட்டுப் போவார். ஊர்க்காரருக்கு அது தேர். தன் தெரு வழியாக வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் விஷயம்.

மாதா கோயில் கட்டத் தொடங்கியது 1876இல். பிரான்சிலிருந்து சுரூபம் வந்து சேர்ந்தது 1877இல். கப்பலிலிருந்து இறக்கும்போது பெட்டி கைதவறி விழுந்தும் சுரூபத்துக்குச் சேதமில்லை என்பது திருத்தல மரபு. பிரான்சுக்கு வெளியே லூர்து அன்னைக்கு எழுந்த முதல் கோயில் இதுவே என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். பெருமை இருக்கட்டும். எனக்கு அந்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான். ஒரு பக்கம் மக்கள் சாலையோரம் செத்து விழுகிறார்கள். மறு பக்கம் ஒரு கோயில் எழும்புகிறது, கடல் கடந்து ஒரு சுரூபம் வருகிறது. கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அந்தச் சுரூபம் யாருடைய கதையைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1858 பிப்ரவரி 11 அன்று பிரான்சின் மலையடிவார ஊரான லூர்தில் பெர்னதெத் சூபிரூ என்ற 14 வயதுப் பெண் சுள்ளி பொறுக்கப் போனாள். கூட வந்த தங்கையும் தோழியும் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். இவளுக்கு ஆஸ்துமா, குளிர்ந்த தண்ணீரில் இறங்கப் பயந்து பின்தங்கினாள். அங்கேதான் முதல் காட்சி. அப்பா மாவு மில்லை இழந்தவர். குடும்பம் குடியிருந்தது, இனி கைதிகளை அடைக்க லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பழைய சிறைக் கொட்டடி. காட்சிக்கு முந்தைய ஆண்டு, இரண்டு மூட்டை மாவு திருடியதாகச் சந்தேகப்பட்டு அப்பாவைப் பிடித்துப்போய் அடைத்தார்கள். ஏழை வீட்டில் மாவு இருந்தால் அது திருட்டு மாவாகத்தான் இருக்கும் என்ற கணக்கு லூர்துக்கு மட்டும் உரியதில்லை. பஞ்ச காலத்தில் புதுச்சேரி மறைமாவட்டத்துக் கிராமங்களில் இந்தக் கதை கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. சுள்ளி பொறுக்குவது என்ன என்றும் அவர்களுக்குத் தெரியும், மாவுக்கு அடி வாங்குவது என்ன என்றும் தெரியும்.

பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் திருமறையில் சேர்ந்தார்கள். அப்போது புதுச்சேரியின் ஆயராக இருந்தவர் லவுவேனான். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். வட ஆற்காட்டில் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த தரஸ் சாமியாரும் அதே சபைதான். அங்கேயும் ஒரு லூர்து மாதா கோயில் எழுந்தது. இப்படிச் சேர்ந்தவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் செய்யும் வழக்கம் வெகுகாலம் இருந்தது, இன்றும் சிலரிடம் உண்டு. அந்த ஏளனத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கஞ்சி கிடைத்த இடத்தில் ஒருவன் கடவுளைக் கண்டான் என்றால் அதில் இழிவு எங்கே வந்தது? வயிறு நிறைந்தவனின் தத்துவ விசாரணை மட்டும்தான் உண்மையான மதமாற்றம் என்று யார் எழுதி வைத்தார்கள்? கஞ்சி ஊற்றிய கையில் கணக்குப் புத்தகமும் இருந்ததா என்று கேட்பது வேறு; அந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். ஏந்திய கையைக் கேலி செய்யக் கூடாது.

அதே பஞ்சத்தில் மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தம் சொத்தைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். பரம்பரைக் கத்தோலிக்கர். தொட்டிக்கு வந்தவர்களின் சமயத்தை அவர் விசாரிக்கவில்லை. அவரது கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே சைவர், அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். வேதநாயகரின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878இல் வெளிவந்தது. நாவலாசிரியர் என்றே பள்ளிப் புத்தகத்தில் அறிமுகமாகும் அவரைப் பற்றி இந்தக் கஞ்சித் தொட்டி அதிகம் சொல்கிறது என்பேன்.

இங்கே நற்செய்தியின் ஒரு பகுதியை நினைத்துக்கொள்ள வேண்டும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு வருகிறது. பசித்தவர், தாகப்பட்டவர், அந்நியர், ஆடை இல்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று ஆறு பேர். இவர்களுக்குச் செய்தது எனக்குச் செய்தது என்கிறார் அரசர். செய்தவர்கள் திகைக்கிறார்கள், உமக்கு எப்போது செய்தோம் என்று கேட்கிறார்கள். செய்யாதவர்களும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். இரு தரப்பாருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியாது. ஞானஸ்நானப் பதிவேடு அங்கே எடுக்கப்படவில்லை. கிறிஸ்தவத்தின் சொந்த நீதிமன்றம் இப்படி இருக்கிறது. டில்லி நீதிமன்றம் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்று விட்டுவிடலாம், இடையில் மாட்டிக்கொள்ளும் மனிதர்கள் இல்லாமல் இருந்தால்.

அந்த ஆறு பேருக்குச் செய்ய வைப்பது பரிவு. பரிவு என்றால் என்ன என்று தத்துவ முறையில் ஆராய்ந்தவர்களில் எதித் ஸ்டைன் தனித்து நிற்பவர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, தத்துவ அறிஞர் ஹுஸ்ஸெர்லிடம் படித்து, 1916இல் பிறர் அனுபவத்தை உணரும் ஆற்றல் பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்தவர். அதற்கு முந்தைய ஆண்டு செஞ்சிலுவைத் தாதியாகப் போர்க்கால மருத்துவமனையில் வேலை செய்தார். ஏட்டறிவோடு நின்றவர் இல்லை. அவர் ஆய்வின் சாரம் எளிது: உன் துக்கம் என் துக்கமாகிவிடுவது பரிவு ஆகாது. உன் துக்கம் உன்னுடையதாகவே இருக்க, அதை நான் உணர்கிறேன். 'உங்க வலி எனக்கும் வலிக்குது' என்று சொல்பவர் பெரும்பாலும் தம் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார் என்பது நம் வீடுகளிலும் தெரிந்த விஷயமே.

அவர் கிறிஸ்தவத்துக்கு வந்த பாதையில் எந்தப் பிரசங்கியும் இல்லை. 1916 கோடையில் பிராங்பர்ட் பேராலயத்துக்குள் சும்மா சுற்றிப் பார்க்கப் போனபோது, கடைவீதியிலிருந்து கூடையோடு வந்த ஒரு பெண் உள்ளே நுழைந்து, சற்று நேரம் மண்டியிட்டு வேண்டிவிட்டுப் போனதைப் பார்த்தார். யூதத் தொழுகைக் கூடத்துக்கும் புராட்டஸ்டன்ட் கோயிலுக்கும் ஆராதனை நேரத்தில்தான் போவார்கள் என்றே அதுவரை அறிந்திருந்தார். வேலைக்கு நடுவில், தெரிந்தவரோடு பேசிவிட்டுப் போவதுபோல ஒருத்தி வந்து போனது அவர் மனத்தில் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, போரில் இறந்த ஒரு நண்பரின் மனைவி துக்கத்தைத் தாங்கிய விதம் இன்னும் ஆழமாகத் தாக்கியது. 1922 புத்தாண்டு நாளில் ஞானஸ்நானம் பெற்றார். கார்மேல் சபையில் துறவியானார். 1942இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

பிராங்பர்ட்டில் பார்த்த கூடையை வில்லியனூரில் எந்த நாளும் பார்க்கலாம். மார்க்கெட்டில் வாங்கிய கத்தரிக்காய் நைலான் பையை வாசல் தூணோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார் ஒரு அம்மா. சுரூபத்தின் அடியைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உதடு அசையும், சத்தம் வராது. வெளியே வரும்போது குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது, "வெயில்ல ஏம்மா உக்காந்துகினு இருக்கீங்க, சாப்டீங்களா?" என்று கேட்பார். பதில் இழுவையாக வந்தால் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பையில் இருக்கும் கத்தரிக்காய் வாடும்; கதை முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார். முன்பின் அறியாதவரிடம் இப்படிப் பேச நம் ஊர்களில் இரண்டே இடங்கள்: அரசு ஆஸ்பத்திரி, கோயில் குளம். இரண்டிலும் வந்திருப்பவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

கோயிலுக்கு வெளியே இந்தப் பரிவு ஓரளவு ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவிலும் இயங்குகிறது. 'மரியாயின் சேனை' என்ற அமைப்பு 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர் தொடங்கியது. நம் பங்குகளில் அதற்கு வேர் பிடித்த இடங்கள் ஏராளம். உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக வாரந்தோறும் வீடுகளைச் சந்திக்கப் போக வேண்டும். அடுத்த கூட்டத்தில், எந்த வீட்டுக்குப் போனோம், என்ன நிலைமை என்று சொல்ல வேண்டும். செயலர் நோட்டில் எழுதிக்கொள்வார். வின்சென்ட் தே பவுல் சபை, 1833இல் பாரிசில் மாணவர்கள் தொடங்கியது, இதேபோல வீடு தேடிப் போய் உதவும் அமைப்பு. அன்பியம் என்பது இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பாய் விரிப்பார்கள். ஒரு பைபிள் பகுதியை வாசித்து, 'இன்றைக்கு நமக்கு என்ன சொல்கிறது' என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் பங்குத்தந்தையின் பிரசங்கத்தையே திருப்பிச் சொல்வார்கள். மன்றாட்டு நேரத்தில்தான் உண்மை வரும். மகனுக்கு வேலை போய்விட்டது, குழு லோன் தவணை கட்டவில்லை, மாமியாருக்கு டயாலிசிஸ். பக்கத்து வீட்டு இந்து அம்மாவும் வாசற்படியில் உட்கார்ந்து தன் மன்றாட்டைச் சொல்லிவிடுவார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கடைசியில் சுண்டலும் டீயும்.

இதில் தெய்விகம் எங்கே என்று கேட்கலாம். அடுத்த நாள் டயாலிசிஸுக்கு ஜிப்மருக்குத் துணைக்குப் போக ஒருத்தி கிளம்புகிறாளே, அங்கே என்பதுதான் என் பதில்.

பாகூருக்குப் போனால் நிலம் மாறும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த மண். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து நிரம்பும் பெரிய ஏரி, மூலநாதர் கோயில், பல்லவர் காலத்தில் மூன்று ஊர்களின் வருவாயை ஒரு வித்தியாஸ்தானத்துக்கு எழுதிவைத்த பாகூர்ச் செப்பேடு. அந்தப் பழங்காலக் கல்விக்கூடத்தில் ஏரிக்கரைக் குடிசைப் பிள்ளைகளுக்கு இடம் இருந்திருக்காது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நடவு, களை, ஏரி வேலை என்று கூலியை நம்பி வாழும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நற்செய்தி உவமைகளில் பாதி தம் வீட்டுச் செய்திதான். விளக்கேற்றி, வீட்டைக் கூட்டி, தொலைந்த காசைத் தேடும் பெண். பிசைந்த மாவில் வைக்கும் புளிப்பு. விதைப்பவன் கைதவறிப் பாதையிலும் பாறையிலும் விழும் விதை. ஒரு விஷயத்தில் மட்டும் தகராறு வரும்: திராட்சைத் தோட்டத்துக் கூலியாள் உவமை. காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. படித்த விசுவாசிகள் இதைக் கேட்டு இறைவனின் தாராளத்தை வியப்பார்கள். நாற்று நடும் பெண் வியக்க மாட்டாள். "அப்ப நான் காலையில் இருந்து முதுகு ஒடிஞ்சது?" என்பாள். அவள் எரிச்சல் உவமைக்குள்ளேயே இருக்கிறது. காலையில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். ஆனால் அந்தப் பெண்ணே இன்னொன்றும் பார்ப்பாள். மாலை வரை ஏன் சும்மா நின்றீர்கள் என்று கேட்டதற்கு, யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள் கடைசியில் வந்தவர்கள். கூப்பிடாமல் விடப்படுவது யார்? கிழவி, நோயாளி, கைக்குழந்தைக்காரி. அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்க வேண்டும். எத்தனையோ உரைநூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை வயல்வேலை தெரிந்தவர் சட்டென்று பிடித்துவிடுவார்.

எளியவர்களின் அன்றாடத்தைத் திருமறையின் மையத்துக்குக் கொண்டுவருவது தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்கும் புதிதில்லை. வீரமாமுனிவர் 'தேம்பாவணி'க்கு நாயகனாக எடுத்துக்கொண்டது அரசனையோ வீரனையோ அல்ல. இழைப்புளி பிடித்த தச்சன் சூசையப்பரை. காப்பிய இலக்கணத்துக்கு அது எவ்வளவு பெரிய மீறல் என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

புதுச்சேரியில் அன்றாடத்தை உண்மையிலேயே மாற்றிய ஒரு காரியம் 1844இல் நடந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் கூட்டிய மாமன்றம் கல்வியில், பெண் கல்வி உட்பட, அக்கறை காட்டியது. அக்டோபர் 16 அன்று லூயி சவினியன் துப்புயி என்ற குரு உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கன் சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். பெண்களில் தாசிகளுக்கே எழுத்தறிவு உரியது என்று கருதிய காலம். குடும்பப் பெண் ஏட்டைத் தொட்டால் ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்த முதல் பெண்களின் பெயர்களை நாம் தெருப் பெயராகக்கூட வைக்கவில்லை. துப்புயி இன்னொரு வகையிலும் நமக்கு வேண்டியவர்: முசே என்பவரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி தொகுத்தவர். இன்னொரு மனிதரின் மொழியை வேர்ச்சொல் வரை இறங்கிக் கற்பதும் பரிவின் ஒரு வடிவம்தான். உணர்ச்சிவசப்படாத, உழைப்பு மிகுந்த வடிவம்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் திருத்தல மலருக்கான கட்டுரை ஆகிவிடும். அன்றாடத்தில்தான் விசுவாசம் தெரிகிறது என்று சொல்பவர், அன்றாடத்தில்தான் அது பொய்யாகவும் போகிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் போதும். 1745 அக்டோபர்க் குறிப்பில் புதுச்சேரிக் கோயிலுக்குள் இருந்த சுவரைப் பற்றி எழுதுகிறார். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒடுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்படுகிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவர் வேதனையோடு எழுதுகிறார். பக்கத்துக் கோயில் சேசு சபைப் பாதிரிமார்களின் வெகுநாள் விருப்பம் அது. ஒரே நாட்குறிப்பில் இரண்டு இடிப்புகள். ஒன்றில் விசுவாசம் பரிவோடு கைகோத்தது, மற்றொன்றில் அதிகாரத்தோடு.

சுவர் 1745இல் இடிந்தது என்று நிம்மதிப்படவும் முடியாது. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் 2008 மார்ச் 9 அன்று காவல்துறை துப்பாக்கியால் சுட்டு இருவர் இறந்தனர். அங்கே சண்டை எதைப் பற்றி? கோட்பாட்டைப் பற்றி இல்லை. தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், பிணத்தை எந்த வழியாகத் தூக்குவது, எந்தக் கல்லறையில் புதைப்பது. எல்லாம் அன்றாடம். நற்கருணையை ஒரே அப்பத்திலிருந்து பிட்டு வாங்கிய கைகள், கல்லறைக்குப் போகும்போது பிரிகின்றன.

புதுச்சேரியில் இதற்குமேல் சட்டமும் வந்து உட்கார்கிறது. 1964ஆம் ஆண்டு புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணை, 1950ஆம் ஆண்டு ஆணையைப் போலவே, கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் விலக்கி வைக்கிறது. ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் ஊர் அவர் சாதியை மறப்பதில்லை. அரசு மட்டும் மறந்துவிடுகிறது. இதன் விளைவை எல்லோரும் அறிவர், யாரும் உரக்கச் சொல்வதில்லை: பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு மதம், வீட்டுச் சுவரில் மாதா படம். இதை 'மோசடி' என்று அழைப்பவர்கள் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் இருந்த வழிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. அது ஏட்டில் கிடக்கிறது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது.

ஸ்டைன் சொன்னதை இங்கே திரும்ப நினைக்கலாம். அடுத்தவர் அனுபவத்தை அவருடையதாகவே உணர்வது பரிவு என்றால், தலித் கிறிஸ்தவரின் அனுபவத்தைப் பிற கிறிஸ்தவர்கள் 'நமக்குள் சாதி இல்லை' என்று சொல்லி மூடுவது பரிவின் நேர் எதிர்ப்பதம். அவர்கள் வேதனையை அவர்களிடமிருந்தே பிடுங்கி, இல்லாத ஒன்றாக்கும் வேலை அது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும் இந்து அம்மாவை மகிழ்ச்சியோடு வரவேற்கும் அதே பங்கு, தன் கிளைக் கிராமத்துக் காலனி வழியாகத் தேர் வர வேண்டும் என்று கேட்டால் குழு கூட்டி மாதக்கணக்கில் யோசிக்கிறது என்றால், அந்த வரவேற்பின் விலையும் குறைந்துவிடுகிறது. என் முடிவு இது: இந்தக் கொம்யூன்களில் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வளவு ஆழம் என்பதை வில்லியனூர் திருவிழாக் கூட்டத்தை வைத்து அளக்கக் கூடாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று சிற்றூர்க் கல்லறைகளுக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு அடித்த சிலுவைகளில் யார் யார் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதை ஆராய நினைப்பவருக்கு ஆவணம் இல்லாமல் இல்லை; ஆனால் அது உயர்மறைமாவட்ட அலுவலகத்திலோ பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலோ முழுதாகக் கிடைக்காது. மரியாயின் சேனை அறிக்கை நோட்டுகள், அன்பியக் குறிப்பேடுகள், உபதேசியார்கள் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிவைத்த கணக்குகள் ஆகியவற்றில்தான் இருக்கிறது. எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடந்தார், யார் போய்ப் பார்த்தார், எவ்வளவு அரிசி கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதிய வரிகள். நோட்டு நிரம்பியதும் அவை செயலர் வீட்டுப் பரணுக்குப் போகின்றன; வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பங்குகளில் இத்தகைய நோட்டுகளை வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்வதற்கு முன் அவற்றைப் பங்குத்தந்தையிடமோ அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.